நுரைக்கும் பீப்பாய்

ஜூலை 19, செவ்வாய்

ஆடிக் காற்று. கிளப் வராந்தா முழுவதும் மண். இரண்டு முறை பெருக்கியும் நாற்காலிகளில் படிவு.

நேற்றும் பீர் நுரைத்தது. கைப்பம்பை இழுத்தால் கிளாஸ் நிறைய வெள்ளை நுரை, அடியில் இரண்டு விரல் பீர். துரை மீசையைத் துடைத்துக்கொண்டே, "இது கிளப்பா, சலவைத்துறையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. அவர் எஸ்டேட் மானேஜர், கிளப் செக்ரட்டரி. நான் ஸ்டூவர்டு. பி.ஏ. படித்த ஸ்டூவர்டு.

பீரை நான் நாக்கில் வைத்ததில்லை. வாலிபத்தில் மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டவன். சேலத்தில் கடைகளை மூடிவிட்டார்கள். நானோ இராஜபாளையத்தில் வெள்ளைக்காரனுக்கு ஊற்றிக்கொடுக்கிறேன், அதையும் ஒழுங்காக ஊற்றத் தெரியவில்லை என்று பெயர்.

செய்ய: குழாயைச் சோடா உப்புப் போட்டுக் கழுவ. கிளாஸ்களைச் சாம்பலில் தேய்ப்பதை நிறுத்த. மதுரை ஐஸ் கூடுதலாகச் சொல்ல. குடைக்குக் கம்பி.

ஜூலை 21, வியாழன்

குழாய் கழுவியாயிற்று. கிளாஸ் கழுவியாயிற்று. ஐஸ் வந்தது, பாதி தண்ணீராக, மரத்தூள் மட்டும் முழுசாக. நுரை குறையவில்லை.

துரை கூப்பிட்டனுப்பினார். 30ஆம் தேதி சனிக்கிழமை வருஷாந்திர விருந்து. "அன்றைக்கும் நுரைத்தால் ஒன்றாம் தேதி முதல் வேறு ஆள்." உட்காரச் சொல்லவில்லை.

வேறு ஆள் யார் என்று எனக்குத் தெரியும். சாமுவேலின் தம்பி. போன வாரமே வந்து வராந்தாவை அளந்து பார்ப்பதுபோல் நடந்துவிட்டுப் போனான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் வேலையை, கமிட்டியில் மாமா இருந்த ஒரே தகுதியால் சாமுவேல் வாங்கிக்கொண்டான். எனக்கு ஜூனியர். நான் அன்றே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வெளியேறினேன். இப்போது அண்ணன் முடித்ததைத் தம்பி தொடர்கிறான்.

வேலை போனால் கிளப்புக்குப் பின்னால் இருக்கும் வீடும் போகும். மனைவி நேசமணியிடம் இன்னும் சொல்லவில்லை. முருங்கைக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 23, சனி

பீர்க் கம்பெனியிலிருந்து பதில். ரயிலிலும் வண்டியிலும் குலுங்கிய பீப்பாயை இரண்டு நாள் மரத்தாங்கியில் அசையாமல் படுக்கவைக்க வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன.

புதுப் பீப்பாயை வடக்கறையில் வைத்து, ஈரச் சாக்குப் போர்த்திப் பூட்டினேன். ஒரு சாவி என்னிடம், இன்னொன்று முத்தையாவிடம். பெருக்குவது, கிளாஸ் எடுப்பது, பம்பு இழுப்பது எல்லாம் மு.தான்.

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

ஜூலை 25, திங்கள்

திறந்தோம். நுரை. முன்னைவிட அதிகம். கிளாஸைச் சாய்த்துப் பிடித்தேன், நிமிர்த்திப் பிடித்தேன், மெதுவாக இழுத்தேன். என் சட்டைக் கைதான் நனைந்தது.

விசாரணை.

"ஏலே முத்தையா, பீப்பாய் பக்கம் எவனாவது போனானா?"

"ஒருத்தனையும் அண்ட விடலயே சார். நான் மட்டுந்தான். பச்சப் புள்ளயப் பாக்க மாதிரில்லா பாத்துக்கிடுதேன்."

அவன் சாயங்காலம் ஐந்து மணிக்கே வந்துவிடுகிறான். நான் டியூஷன் முடித்து வர ஆறரை. நல்ல வேலைக்காரன் என்று ஒருவனாவது வாய்த்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆண்டாள் தேர், லீவு வேண்டும் என்றான். விருந்தன்றைக்கே! "வருசா வருசம் பானக்கம் ஊத்துதவன் சார். மதியத்துக்குள்ள ஓடியாந்துருவேன்." முடியாது என்றேன். அழுதுவிடுவான்போல் இருந்தது. வெள்ளி சாயங்காலமே போய்க்கொள், சனி மதியத்துக்குள் இங்கே நிற்க வேண்டும் என்றேன்.

ஜூலை 28, வியாழன்

விருந்துக்கான பீப்பாய் வந்தது. படுக்கவைத்தாயிற்று. இனி ஜெபம்தான் பாக்கி.

ஜூலை 30, சனி

நடுப்பகல் தாண்டியும் மு. வரவில்லை. வயிற்றெரிச்சலோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேர் நாளில் அங்கே ஒருவனைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது. செருப்பு ஒன்று அறுந்தது. தெற்குத் தெருப் பந்தலில் கண்டேன். அண்டா முன்னால், தலையில் துண்டு, கையில் நீண்ட அகப்பை. ஒவ்வொரு தம்ளருக்கும் முன்னால் அடிவரை விட்டுக் கலக்கினான்.

வரிசையில் ஒருவர் பொறுமையிழந்தார். "ஊத்தும்வே, தேரு திரும்புது."

"செத்த இரும். கலக்காம ஊத்துனா ஒமக்கு வெறுந் தண்ணி, கடைசி ஆளுக்கு அம்புட்டுச் சுக்குப்பொடியும். அப்பொறம் அவன் ஆண்டாளயா திட்டுவான்? என்னயத்தான் திட்டுவான்."

வெயிலில் அப்படியே நின்றேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். "பீப்பாயையும் கலக்குவாயா?"

"பின்ன? தெனமும் நீங்க வாரதுக்கு முன்னால நல்லா ஆட்டி வச்சிருதேன் சார். தொட்டில் ஆட்டுத மாதிரி."

குழாய் கழுவியது, கம்பெனிக்கு எழுதியது, துரையிடம் நின்றுகொண்டே திட்டு வாங்கியது எல்லாம் கண்முன் வந்தன. கத்த வாயெடுத்தேன். பஸ் நிறையப் பக்தர்கள். குரலைத் தாழ்த்தினேன்.

"இனிமேல் ஆட்டாதே. ஆட்டினால்தான் நுரைக்கிறது."

"அப்பக் கடைசி ஆளு?"

"அது அவன் தலையெழுத்து."

மு. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துவந்தான், தப்பு செய்தவன் நான் என்பதுபோல். நேற்று மாலையிலிருந்து அவன் இங்கே இல்லை. ஆக விருந்துப் பீப்பாய் ஒன்றுதான் ஒரு நாளாவது ஆட்டப்படாமல் கிடந்தது. பார்ப்போம்.

ஜூலை 31, ஞாயிறு

நேற்றிரவு விருந்தில் நுரைக்கவில்லை. மேலே ஒரு விரல் வெள்ளை, கீழே பொன்னிறம். துரை கிளாஸை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "இங்கேயே இரு," என்றார். நாய்க்குச் சொல்வதுபோல்தான், ஆனாலும் சொன்னார். அப்புறம், "இத்தனை நாள் நுரைத்தது யார் செய்த தப்பு? பெயரைச் சொல்." எனக்குப் பின்னால் மு. தட்டோடு நின்றான். ஸ்டேஷன் ரோட்டின் மேல் பழியைப் போட்டேன். குண்டும் குழியும், பீப்பாய் குலுங்கிவிடுகிறது என்றேன். ரோட்டை யாரும் வேலையைவிட்டு நீக்க முடியாது.

முதலில் வெள்ளைக்காரர்கள், பிறகு உத்தியோகஸ்தர்கள், கடைசியில் மற்றவர்கள். கடைசி ஆள் சாமுவேல். தலைமையாசிரியர் என்று துரை அழைத்திருந்தார். கடைசிக் கிளாஸ் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. மு. என்னைப் பார்த்தான். "கொடு," என்றேன். துரை பார்க்கிறார் என்று சாமுவேல் ஒரே மூச்சில் குடித்தான், மண்டியோடு. மதுவிலக்குச் சங்கத்தின் இப்போதைய தலைவர்.

"சொன்னேம்லா சார்," என்றான் மு. மெல்ல. எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

காலை ஆராதனையில் சாமுவேலின் இடம் காலி. மதுவிலக்குப் பற்றிப் பேசவேண்டியவன். திரும்பி வந்ததும் நேசமணி, "சாமுவேல் சாருக்கு ராத்திரி பூரா வயித்தால போச்சாம், கேட்டியளா. அவிய வீட்டுக்காரி அழுதுக்கிட்டுப் போறா. சுக்குக் கஷாயம் வச்சிருக்கேன், கொண்டுபோய்க் கொடுங்க."

"வேறு ஆள் கிடைக்கவில்லையா?"

"கிடைச்சா ஒங்களக் கேப்பனா?"

போனேன். கட்டிலில் சுருண்டு கிடந்தான். கண் உள்ளே போயிருந்தது. "என்னத்தத் தின்னேனோ தெரியல, அண்ணே," என்றான். நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபிறகு அவன் வாயில் அந்த 'அண்ணே'யை இன்றுதான் கேட்டேன்.

தூக்குவாளியைத் திறந்தேன். வழியிலேயே சுக்கு எல்லாம் அடியில் இறங்கிவிட்டிருந்தது. மேலே தெளிந்த தண்ணீர். கரண்டி கேட்டு வாங்கினேன். கலக்கித்தான் கொடுத்தேன்.