முன்விலை

மாப்ள,

இன்றைக்குச் சாயங்காலம் திருநகர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை போடாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் சிணுங்கியது. கேஸ் சிலிண்டர் செய்தியாக இருக்கும் என்று எடுத்தேன். இங்கிலாந்துக் குதிரைகள். வருகிற மார்ச்சில் அங்கே இளங்குதிரைகளுக்கு நடக்கும் தடுப்பு தாண்டும் பந்தயத்துக்கு முதல் விலைகள் வந்துவிட்டனவாம். நீ என் போனில் ஏற்றிக்கொடுத்த ஆப்தான். நீ போய்ச் சேர்ந்தது அதற்குத் தெரியாது. பட்டியலைக் கீழே வரை தள்ளிப் பார்த்தேன். “இதுல எது மாப்ள வரும்?” என்று கேட்பதற்கு என் தலை தானாகப் பக்கத்தில் திரும்பியது. அங்கே முன்பின் தெரியாத ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உன்னை நாலு வார்த்தை கேட்காமல் விடக்கூடாது என்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் முதல் பேச்சே சண்டைதானே. நீ மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தாய். நான் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். காரைக்குடி வண்டியில் மல்லிகைக் கூடைகளை ஏற்றுகிறேன் என்று வண்டியைக் கிளம்பவிடாமல் நிறுத்தி வைத்திருந்தாய். நான் விசிலை ஊதிக்கொண்டே வந்து கத்தினேன். நீ அசரவில்லை. “சார், பூ வாடிரும். ஒங்க டைம் வாடாதுல்ல?” என்றாய். சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்கு உன்னிடம் மாட்டினவன்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு பூக்கடையில் வேலை பார்த்தபோது உனக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்தது. கல்யாணமான கையோடு உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், உன்னை அழகர்கோவிலுக்கு இழுத்துப்போய், பதினெட்டாம்படிக் கருப்பு சன்னிதியில் இனிமேல் குதிரைமேல் காசு வைப்பதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாள். கடைசி வரை அதை நீ மீறவில்லை. ஆனால் நீ லேசுப்பட்ட ஆளா? “காசு வைக்க மாட்டேன்னுதான் சொன்னேன். குதிரையப் பாக்க மாட்டேன்னு சொல்லலயே” என்றாய். உள்ளூர்க் குதிரைகளைப் பார்த்தால் கை துறுதுறுக்கும் என்று கடல் தாண்டிய குதிரைகளைப் பிடித்தாய். அங்கே மத்தியானம் ஓடுகிற குதிரைகள் இங்கே விளக்கு வைக்கிற நேரத்துக்கு உன் போனில் ஓடின. நமக்குள் பந்தயம் கட்டித் தோற்றவன் ஜெயித்தவனுக்குக் கறிதோசை வாங்கித் தர வேண்டும். அது சத்தியத்தில் சேராது என்று கருப்புசாமி சார்பில் தீர்ப்பும் நீயே சொல்லிக்கொண்டாய்.

வில்லாபுரத்திலிருந்து உன் ஓட்டை ஸ்கூட்டரில் தினம் திருநகர் டீக்கடைக்கு வருவாய். ஐப்பசி பிறந்துவிட்டால் உன் முகமே மாறிவிடும். அங்கே மூன்று வயதுக் குட்டிகள் முதல்முதலாகத் தடுப்பைத் தாண்டக் களத்துக்கு வருவது அப்போதுதான். பெரிய பந்தயம் மார்ச்சில். அதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே ஒவ்வொரு குதிரைக்கும் விலை போட்டுவிடுவார்கள். அதற்கு நீ வைத்த பெயர் முன்விலை. நிறையப் பேர் நம்புகிற குதிரை ஜெயித்தால் ஒன்றுக்கு நாலுதான் கிடைக்கும். யாரும் சீந்தாத குதிரை ஜெயித்தால் ஒன்றுக்கு முப்பது, நாற்பது. இந்தக் கணக்கு எனக்குத் தலையில் ஏறவே ஒரு வருஷம் ஆனது. நீ பொறுமையாகச் சொன்னாய் என்று எழுத ஆசைதான். எங்கே சொன்னாய்? “ஒனக்கு எவன்டா டைம் கீப்பர் வேல குடுத்தது” என்று கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாய்.

எல்லாரும் விலையைப் பார்த்தால் நீ குதிரையைப் பார்ப்பாய். ஒரு குட்டி முதல் பந்தயத்திலேயே பதினைந்து குதிரை தூரம் முன்னால் வந்து ஜெயிக்கும். மறுநாளே அதுதான் எல்லார் வாயிலும். நீ உதட்டைப் பிதுக்குவாய். “கூட ஓடுனதெல்லாம் சோப்ளாங்கி. அதப் பாக்காம ஆளாளுக்கு அதுமேல விழுறாய்ங்க, முகூர்த்த நாள்ல மல்லிக்கு அடிச்சுக்கிற மாதிரி. மறுநா பாரு, கூடையோட கெடக்கும்.” தடுப்பைத் தாண்டும் அழகில் நான் வாயைப் பிளந்தால் தலையில் குட்டுவாய். “தாவுறதப் பாக்காத. எறங்குறதப் பாரு. எறங்குன ஒடனே ஓடுதா, இல்ல நின்னு யோசிக்குதா?” உள்ளங்கை அகலத் திரையில், சேறு தெறிக்க ஓடுகிற குதிரைக்கு முன்னங்காலில் எங்கோ வலி என்று ஒருமுறை சொன்னாய். உளறுகிறாய் என்றேன். கொஞ்ச நாளில் அந்தக் குதிரையை ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

புத்தாண்டு பிறந்ததும் அங்கே எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் ஒரு வயது கூடிவிடும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. “ஏன், பள்ளிக்கூடத்துல சேக்கயில ஹெட்மாஸ்டருங்க நமக்குப் போட்ட பொறந்தநாளு மட்டும் என்ன வாழுதாம்?” என்றாய். டீக்கடைக்காரர் வரைக்கும் சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டு இருந்தோம் மாப்ள. அதை நினைத்தால் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. எதில் உண்மை இருந்தது, எதை மறைக்க நீ சிரித்தாய் என்று ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். பழைய சிரிப்பைக்கூட எனக்கு மிச்சம் வைக்காமல் போய்விட்டாய்.

உன் முக்கியமான கேள்வி வேறு. “ஜெயிக்குமாங்கிறது ரெண்டாவது மாப்ள. மொதல்ல அன்னிக்கு வருமா? அதச் சொல்லு.” முன்விலையில் ஒரு குதிரையைப் பிடித்துவிட்டால் அது பந்தயத்தன்று வராவிட்டாலும் வைத்தது போனதுதான். காலில் அடி, இருமல், முதலாளிக்கு மனசு மாறியது, எதுவானாலும் சரி. பட்டியலில் நாற்பது பெயர் இருந்தால் பாதி வராது. ஒரே லாயத்தில் மூன்று நல்ல குட்டி இருந்தால் ஒன்றைத்தான் அனுப்புவார்கள். வராதவற்றை முதலில் கழித்துவிட்டுத்தான் நீ மிச்சத்துக்கே விலை போடுவாய்.

போன ஐப்பசியில் வழக்கத்தை மாற்றினாய். “கறிதோச தின்னு அலுத்துப்போச்சு. இந்தவாட்டி பெருசா வைப்போம். தோத்தவன் ஜெயிச்சவனக் கோடைல பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போகணும். நெசக் குதிர ஓடுறத நீ ஒரு தடவையாச்சும் பாக்கணும்டா” என்றாய். நான் பந்தயக் குதிரையை நேரில் கண்டதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஏறி வருகிற தங்கக் குதிரைதான் நான் கண்ட பெரிய குதிரை. எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. எல்லாரும் நம்பிய குதிரையை நான் எடுத்தேன். நீ ஒன்றுக்கு நாற்பதில் கிடந்த ஒரு சாம்பல் நிறக் குட்டியை எடுத்தாய். நான் வீட்டில் சொல்லிவிட்டேன். எந்த பஸ்ஸில் போனால் விடியும்போது இறங்கலாம், திரும்ப எது வசதி என்று பழைய உத்தியோக புத்தியில் நேரமெல்லாம் பார்த்து வைத்தேன். யார் ஜெயித்தாலும் போகப்போவது இரண்டு பேரும்தானே.

அப்போதே உனக்குத் தெரியும். அந்தப் பந்தயம் பேசுவதற்கு முந்தின வாரம்தான் கணையத்தில் புற்றுநோய் என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கோடை வரை தாங்குவது கஷ்டம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதை மனசில் வைத்துக்கொண்டு, ஜன்னலோர சீட் யாருக்கு என்று என்னோடு சண்டை போட்டாய். எப்படி மாப்ள முடிந்தது உன்னால்?

மார்கழியில் உன் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன்? “என்ன மாப்ள, குதிரையப் பாத்தது போதும்னு ஜாக்கியாவே ஆகப் போறியா? வெயிட்ட இம்புட்டுக் கொறச்சிட்ட” என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பு ஓய்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாகப்போகிறவனைப் பார்த்து ஜாக்கி என்று கேலி பேசினவனாக என்னை ஆக்கிவிட்டுப் போய்விட்டாய். நான் அதைப் பேசினது என் அறியாமையால் என்று எல்லாரும் சமாதானம் சொல்கிறார்கள். அந்த அறியாமையை எனக்குக் கொடுத்தது யார்?

தை பிறந்ததும் என் குதிரைக்குக் காலில் அடி, மார்ச்சுக்கு வராது என்று செய்தி வந்தது. நான் குதித்தேன். நீ என் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். “வராத குதிரையக் கோவிச்சு என்ன பண்றது? அது வரணும்னுதான் இருந்துச்சு. முடியல. ஒண்ணோட சேரும்போதே அது வராமப் போறதுக்கும் சேத்துத்தான் மாப்ள வெல” என்றாய். அன்றைக்கு உன் கை குளிர்ந்து கிடந்தது. டீ கிளாஸைப் பிடிக்கவில்லையே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் நீ என்னிடம் விடைபெற்றது என்று இப்போது உன் மகன் சொல்கிறான். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். அது விடைபெறுவதே அல்ல. ஒரு மனுசன் இன்னொரு மனுசனிடம் சொல்கிற விஷயத்தைக் குதிரைமேல் ஏற்றி அனுப்பக் கூடாது.

அதற்குப் பிறகு நீ டீக்கடைக்கு வரவில்லை. கேட்டால் வாயுக் கோளாறு என்றாய். வீட்டுக்கு வாரேன் என்றால், “வேணாம், காச்சல் சுத்துது, ஒட்டிக்கிரும். நானே வாரேன்” என்றாய். பிறகு ஒரு காலையில் உன் மகன் போன் பண்ணி, “மாமா, அப்பா போயிட்டாரு” என்றான். நான் அவனைத் திட்டினேன். விளையாட இதுதானா கிடைத்தது என்று திட்டினேன். பிள்ளை அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தான்.

காரியம் முடிந்த அன்று தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏன்த்தா, ஒனக்குத் தெரியும்ல? எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா?” அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். “சத்தியம் வாங்கிட்டாக அண்ணே. வீட்டுக்கு வாரவுக பூராம் சோத்தப் பத்தியும் மருந்தப் பத்தியுமே பேசுறாக, அவன் ஒருத்தந்தான் குதிரையப் பத்திப் பேசுறான், அவங்கிட்டயும் சொல்லிட்டா நான் எங்க போறதுன்னு கேட்டாக. எனக்கு வேற வழி தெரியல” என்றாள். எல்லாரும் இதைக் கேட்டுவிட்டு, என்மேல் உனக்கு எவ்வளவு பிரியம் பார் என்கிறார்கள். பிரியமாம். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு ஆயுசு முழுக்கக் குதிரைமேல் பத்துக் காசு வைக்காதவன், மூன்று மாதம் என் முகத்தைப் பார்த்து நாள் தவறாமல் பொய் சொன்னான். நான் அழ வேண்டியதை அழவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. உன் கையைக் குதிரைக்காக அல்லாமல் உனக்காக ஒருமுறை பிடிக்கவில்லை. அதெல்லாம் என்னுடையது மாப்ள. அதை என்னிடம் கேட்காமல் நீ எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாது.

மார்ச்சில் பந்தயத்தைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் சாம்பல் குட்டி வந்தது. கடைசித் தடுப்பு வரை முன்னால்தான் ஓடியது. நான்காவதாக முடித்தது. என் குதிரை வரவில்லை, உன்னுடையது ஜெயிக்கவில்லை. யார் யாரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்க ஆளில்லை. போனை அணைத்து வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் மாடிப்படி ஏறும்போது எனக்கு நெஞ்சை அடைத்தது. ரத்தக்குழாயில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், இந்த வயதுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். உன்மேல் இருந்த ஆத்திரத்தில் அன்றைக்கே எல்லாருக்கும் சொன்னேன். மனைவி, தம்பி, மகள், பழைய டிப்போ ஆட்கள், ஒருவரையும் விடவில்லை. ஒருவரிடமும் மறைக்காத மனுசனாக இருக்க வேண்டும் என்று வீம்பு. அதற்கப்புறம் ஆப்பிளோடும் ஹார்லிக்ஸோடும் வந்தார்கள். பூண்டு, மருதம்பட்டை, இஞ்சிச்சாறு, எந்த டாக்டர் கைராசிக்காரர். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதே நின்றுபோனது. எல்லாரும் என் நெஞ்சைப் பார்த்தே பேசுகிறார்கள். ஒருத்தர்கூட வேறு எதையும் பற்றி வாய் திறக்கவில்லை.

நீ எதற்குப் பயந்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. நீ சொன்னது முழுக்கச் சரி. ஆனாலும் இந்தக் கோபத்தை இறக்கி வைக்க என்னால் முடியவில்லை. ஆபரேஷன் அறைக்குள்ளும் இதைத் தூக்கிக்கொண்டுதான் போவேன். அவர்களும் நானும் ஒன்றா? நீ சொல்லியிருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன். கெட்ட வார்த்தையில் உன்னைத் திட்டியிருப்பேன். மறுநாள் சாயங்காலம் அதே பெஞ்சுக்கு வந்து, அந்தச் சாம்பல் குட்டிக்கு நாற்பது அதிகமா குறைவா என்று உன்னோடு மல்லுக்கு நின்றிருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டே நின்றிருப்பேன். ஒரு பந்தயம்கூட ஓடாத குட்டிகளுக்கெல்லாம் இவ்வளவு யோசித்து விலை போட்டாயே, மறுநாள் பெஞ்சுக்கு வருவேனா என்று எனக்கும் ஒரு விலை போட்டுப் பார்த்திருக்கலாம். ஒன்றுக்கு நூறு என்றாவது போட்டிருக்கலாம் மாப்ள.