செவலைக்குச் சூடு போட நாள் குறித்தார்கள்

கொழிஞ்சாம்பாறை
25-8-57

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

மருதாத்தாள் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் குழந்தை நாச்சியும் நலம். உங்கள் மாப்பிள்ளை நலம் என்று எழுதக் கை வரவில்லை. இன்றைக்கு நலம், அவ்வளவுதான். மூணாறு மழையில் அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

பழைய குதிரை செத்த செய்தியை முன்பே எழுதியிருந்தேன். குதிரை இல்லாமல் ஜட்காவை என்ன செய்வது? ஆடி மாசம் இவர் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். செவலை நிறத்துப் பெண்குதிரை, ஐந்து வயசு. பல்லைப் பார்த்தேன், குளம்பைப் பார்த்தேன் என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். இவ்வளவு நல்ல குதிரையை அந்த ஆள் ஏன் விற்றான் என்று கேட்க மட்டும் இவருக்குத் தோன்றவில்லை.

நாலு நாள் வெறும் வண்டியில் பூட்டிப் பழக்கியபோது ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டில் நம் பக்கத்து வீட்டு ராமுத்தாய் பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கினாள். தெரிந்த வண்டி என்று ஏறினாள். அவள் சரியாக உட்காரக்கூட இல்லை, குதிரை பிய்த்துக்கொண்டு ஓடி, வாய்க்கால் மேட்டில் வண்டியைக் கவிழ்த்துவிட்டது. ராமுத்தாய்க்கு வலது கை முறிந்தது. இவருக்கு நெற்றியில் ஆறு தையல். அன்றிலிருந்து வண்டியில் ஏற ஆள் இல்லை.

இவர் சாட்டையை எடுத்துவிட்டார். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கட்டிப்போட்டு அடிக்கிறார். கோபத்தில் அடிக்கிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், அது காதை அசைத்தாலே சாட்டையோடு பின்னால் குதிக்கிறார். இவருக்குப் பயம், அண்ணா. பயத்தைக் காட்டிக்கொள்ளத் தெரியாத மனுஷன் அடிக்கிறார். அது பதிலுக்கு உதைக்கிறது. இன்னும் நெஞ்சில் படவில்லை, தொடையில் பட்டதோடு போயிற்று.

சுழி பார்க்கிற சின்னையனைக் கூட்டி வந்தார்கள். அவர் எட்ட நின்று பார்த்து, நெற்றியில் இரண்டு சுழி இருக்கிறது, மேலே இருப்பது ஆளைக் கவிழ்க்கிற சுழி என்றார். கிட்டே போனவரின் தோளைக் கடித்து இரத்தம் வர வைத்துவிட்டது. அதோடு அவருக்குச் சந்தேகமே போய்விட்டது. “காளிச்சாமி, வர்ற புரட்டாசி அமாவாசை கழிஞ்ச செவ்வாக்கெழமை காச்சுன கம்பியில அந்தச் சுழியப் பொசுக்கிப்போடலாம். தலைய மட்டும் நீதான் புடிக்கோணும். சொந்தக்காரன் புடிச்சாத்தான் தோசம் போகும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குத்தான் அண்ணா உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். சும்மா கிட்டே போனாலே எம்புகிற குதிரைக்கு நெற்றியில் சூடு போட்டால், முன்னால் தலையைப் பிடித்து நிற்கிற ஆள் என்ன ஆவார்? இவரிடம் சொன்னால், “நீ பேசாத இரு புள்ளெ, பொம்பளைக்கு என்ன தெரியும்” என்கிறார். ஆளைக் கொன்ற கறுப்புக் குதிரையை நீங்கள் சாட்டையே தொடாமல் எஸ்டேட்டில் பழக்கினதாக அண்ணி எழுதியிருந்தாளே. ஒரு நடை வாருங்கள். வர முடியாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று உடனே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மருதாத்தாள்

* * *

கொழிஞ்சாம்பாறை
8-9-57

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. எஸ்டேட் துரை லீவு தரமாட்டார் என்று படித்ததும் கொஞ்சம் அழுதேன். பிறகு மிச்சத்தைப் படித்தேன். “அம்மிணி, முதல் மூன்று நாள் ஒன்றும் செய்யாதே, அதன் கண்ணில் படுகிற இடத்தில் போய்ச் சும்மா உட்கார்” என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கா எட்டணா செலவழித்து எக்ஸ்பிரஸ் தபால் போட்டார் என்று உங்கள் மேல் கோபம்கூட வந்தது. இருந்தாலும் செய்தேன்.

வண்டி ஓடாததால் இவர் இப்போது தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிறார்; அவர் போன பிறகு, நாச்சியை ராமுத்தாய் வீட்டில் விட்டுவிட்டு, லாயத்தின் வாசலில் பக்கவாட்டில் உட்கார்ந்து சோளக்கதிர் உரித்தேன். அதன் கண்ணை நேராகப் பார்க்கவில்லை. அது காதை மடித்தால் எழுந்து ஓரடி பின்னால் போனேன். அது உதைக்க நினைப்பதற்கு முன்னால் நாம் விலகவேண்டும், உதைத்த பிறகு விலகினால் உதைப்பதுதான் வழி என்று அது படித்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் தினமும் படித்துவிட்டுத்தான் போனேன். முதல் நாள் உரித்த சோளத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அதுவாகவே வந்தது. என் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெல்லம் கலந்த கொள்ளைக் கையில் வைத்து நீட்டினேன், தின்றது. கழுத்தைத் தடவிக்கொண்டே போனபோது பிடரி மயிருக்கு அடியில் கை வழுக்கியது. மயிரை ஒதுக்கிப் பார்த்தேன். காலணா அகலத்துக்கு முடியே முளைக்காத தோல், சுருங்கிக் கிடக்கிறது. அண்ணா, இதற்கு ஏற்கெனவே ஒரு தடவை சூடு போட்டிருக்கிறார்கள்.

அன்று இரவு சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். மறுநாள் இவர் சின்னையனிடம் கேட்டாராம். அவர், “அப்படியா? அப்ப எடம் மாத்திப் போட்டிருக்கறானுங்க. அதனாலதான் போகலை” என்றாராம். இவரும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்து நீங்கள் கேட்டது. அது வெறி பிடித்தது மாதிரி ஆகிற ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு நொடி முன்னால் என்ன நடந்தது என்று யோசித்து எழுதச் சொன்னீர்கள். நாச்சியின் சிலேட்டில் எழுதினேன். ஒரு நாள் இவர் தண்ணீர் காட்டிவிட்டுத் துண்டால் முகம் துடைத்தார், உடனே உதைத்தது. ராமுத்தாய் ஏறும்போது என்ன நடந்தது என்று அவளிடமே கேட்டேன். ஜட்காக்காரர்கள் எல்லாரும் செய்கிறதைத்தான் இவரும் செய்திருக்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, வண்டியில் விரித்திருந்த வைக்கோல் மெத்தையைப் பட்பட்டென்று தட்டி, ஏறுங்க அம்மிணி என்று சொல்லியிருக்கிறார். சின்னையன் கிட்டே போகும்போது தலைக்கட்டை அவிழ்த்துத் தோளில் போட்டார், அதை நானே பார்த்தேன். நானும் ராமுத்தாயும் எத்தனையோ முறை கிட்டே போயிருக்கிறோம், ஒன்றும் செய்ததில்லை. பொட்டைக்குதிரை பொம்பளை கட்சி என்று இவர் கேலி செய்வார். எங்கள் தோளில் துண்டு இல்லை, அண்ணா. அவ்வளவுதான் விஷயம்.

சூடு போட்டவர்கள் முதலில் அதன் கண்ணைத் துண்டால் மூடியிருப்பார்கள். துண்டு முகத்துக்கு வந்தால் அடுத்து நெருப்பு வரும் என்று அதற்குத் தெரியும்.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று ஒரு முட்டாள்தனம் செய்தேன், திட்டாதீர்கள். கொடியில் காய்ந்த இவருடைய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு லாயத்துக்குள் போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியுமே உங்களுக்கு, வாசலில் நுழையும்போதே துண்டை ஒரு வீசு வீசியது. என் தோளில் மூக்கை வைத்த அதே குதிரைதான். திரும்பி ரெண்டு காலாலும் விட்டது. என் தலைக்கு ஒரு சாண் தள்ளி நடுக்கம்பம் இரண்டாக முறிந்தது. நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நாச்சி ராமுத்தாய் வீட்டுக்குள்ளிருந்து அம்மா என்று கத்தினாள்.

செவ்வாய்க்கிழமை அன்றைக்கும் கண்ணைக் கட்டித்தான் சூடு போடுவார்கள். துண்டைப் பிடித்துக்கொண்டு அதன் முகத்துக்கு முன்னால் நிற்கப்போவது இவர். இனி நான் என்ன செய்ய, உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
மருதாத்தாள்

* * *

கொழிஞ்சாம்பாறை
22-9-57

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்து வருகிறேன். துண்டை எட்டாக மடித்துத் தரையில் வைத்து அதன் மேல் கொள்ளைக் கொட்டினேன். முதல் இரண்டு நாள் பட்டினி கிடந்தும் கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டித் தின்றது. பிறகு நாலாக மடித்து வைத்தேன். இப்போது மடித்த துண்டை என் கையில் வைத்திருந்தால் முகர்ந்து பார்க்கிறது. விரித்தால் இன்னும் உடம்பெல்லாம் நடுங்குகிறது. அதற்கு மூன்று மாசம் ஆகலாம், அவசரப்படாதே என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாசத்துக்கு நான் எங்கே போவேன்?

உங்கள் மாப்பிள்ளையிடம் முறிந்த கம்பத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். முறிந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் தோளில் துண்டு இல்லாமல், கையைக் கீழே தொங்கவிட்டு, லாயத்துக்குள் போய் நின்றார். அது வந்து அவர் உள்ளங்கையை நக்கியது. திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய்விட்டார். அவர் அழுததை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியவேண்டாம். அன்றிலிருந்து சாட்டை பரணில் கிடக்கிறது. வண்டியிலும் பூட்டினோம். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, காட்டு வழியில் நாலு நாள் நடத்தினார். பூ மாதிரி நடந்தது.

அதோடு விட்டார்களா? டீக்கடையில் இவரைப் பார்த்தால், “என்னப்பா, மாமனாரு முன்னாலகோட துண்ட எறக்கமாட்ட, குதிரைக்கு எறக்குனியாமா?” என்று சிரிக்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. சூடு வேண்டாம் என்று சொல்லப் போனவர், ஆள் கூடினதும் வாயை விட்டிருக்கிறார். என் குதிரையை அமாவாசை அன்றைக்குக் கடைவீதி முழுக்க ஓட்டிக்காட்டுகிறேன், அடங்கி நடந்தால் கம்பியைத் தூக்கிப்போடுங்கள் என்று சொல்லிவிட்டார். வெறும் வண்டி எந்தக் குதிரையும் இழுக்கும், சவாரியோடு ஓட்டு என்றார் சின்னையன். யார் ஏறுவார்கள்? ராமுத்தாய் இன்னும் முறிந்த கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். உன்ற ஊட்டுக்காரிதான சொன்னா, அவளையே ஏத்து என்று சின்னையன் சொல்ல, எல்லாரும் அதுதான் நியாயம் என்றார்களாம்.

ஒருவேளை தவறினால், செவ்வாய்க்கிழமை இவரே தலையைப் பிடிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், தின்னவில்லை. நானே கேட்டு வாங்கினேன். ஏறுகிறேன் என்றேன். “வேண்டாம் புள்ளெ, சூடே போட்டுட்டுப் போறாங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் என்னத்தைப் பார்த்துக்கொள்வார்? நான் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இதை எழுதும்போதுகூட எழுத்து கோணுவதைப் பார்க்கிறீர்கள் அல்லவா? வண்டியில் உட்காருவது ஒரு பயம். செவ்வாய்க்கிழமை லாயத்து வாசலில் நின்று பார்ப்பது அதைவிடப் பெரிய பயம். சின்னதை எடுத்துக்கொண்டேன்.

நாளைக்கு அமாவாசை, காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறோம். இவர் தோளில் துண்டு இருக்காது. மெத்தையைக் கையால் தட்டிவிடுவேன் என்கிறார். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்குக் கவலை இல்லை. அதற்கு அப்பால்தான் கடைவீதி. அமாவாசைக்குக் கோயிலுக்கு வருகிற ஆண்கள் அத்தனை பேர் தோளிலும் துண்டு கிடக்கும். காற்று இன்றைக்கு மத்தியானத்திலிருந்து நிற்கவே இல்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் ஒருத்தன் வேண்டுமென்றே உதறினால்கூடப் போதும். இவர் கடிவாளத்தைத் தளர்வாகப் பிடித்துப் பேசிக்கொண்டே போகவேண்டும், இழுத்துப் பிடித்தால் இவர் பயம் கயிறு வழியாக அதற்குப் போய்விடும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். சரி சரி என்றார்.

நாச்சியை வண்டியில் ஏற்றமாட்டேன். அவளும் வருவேன் என்று அழுகிறாள். ராமுத்தாய் பார்த்துக்கொள்வாள். இந்தக் கடிதத்தையும் அவளிடம்தான் கொடுத்துப் போகிறேன். நாங்கள் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் பத்து மணிக்குத் தபால் பெட்டியில் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். மேற்கொண்டு செய்தி இருந்தால் தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்று, அண்ணா. குழந்தைக்கு மூன்று வயசு முடிந்துவிட்டது, இன்னும் காது குத்தவில்லை. தை மாசம் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும், அதற்கு உங்களை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. துரை லீவு தந்தாலும் தராவிட்டாலும் வந்துவிடுங்கள். அண்ணியையும் கூட்டி வாருங்கள். குத்தி முடிந்ததும் எல்லாரும் சாப்பிடக் கூப்பிடுவார்கள், போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள். நீங்கள் உடனே எழுந்துவிடாதீர்கள். நான் அங்கே இல்லாமல் போனாலும் அவளை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணா. இறக்கிவிட்டுவிடாதீர்கள்.

உங்கள் குடும்பத்தை மாரியம்மன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மருதாத்தாள்