முந்தானைக்கு ஒரு ஸ்பானியச் சொல்

காஞ்சிபுரம்
4.2.2024

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் குழந்தை காவேரியும் நலம்தானே? போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே வரிசைப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

1. வழக்கு ஜெயித்த ஞாபகமாக நீ கேட்ட புடவையின் முந்தானையில் எந்த ஸ்பானியச் சொற்கள் வேண்டாம்.
2. எந்தச் சொல் பொருந்தும்.
3. அதுவே உன் நன்மைக்கு என்று ஏன் நினைக்கிறேன்.

முதலாவது. 'கனார்' என்றால் ஜெயிப்பது. அகராதியில் சீட்டாட்டம், சம்பளம், வழக்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். பட்டில் நெய்ய அது சற்றுக் கடைத்தெருச் சொல்லாகப் படுகிறது. 'பென்தேர்' ஒருவரைத் தோற்கடிப்பது. மாப்பிள்ளையாக இருந்தவரை விவாகரத்தில் தோற்கடித்ததாக முந்தானை சொல்ல வேண்டாமே. 'த்ரியுன்ஃபார்' மேளதாளத்தோடு வருகிற வெற்றி. அதற்கு எனக்குத் தைரியமில்லை.

இரண்டாவது. 'எக்சிதோ.' காரியம் நல்லபடியாக முடிந்தது, அவ்வளவே. யாரை ஜெயித்தாய் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது. நம் ஊரில் நாலு பேர் பார்ப்பார்கள். உன் கௌரவத்தை நினைத்தே சொல்கிறேன். நெய்கிற சிட்டிபாபு அர்த்தம் தெரியாத சொல்லைத் தறியில் ஏற்றுவதில்லை. சாமி முன்னால் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். நல்ல செய்தி என்று சொல்லியிருக்கிறேன்.

பிசகாக இருந்தால் திருத்து.

ஆசிகளுடன்,
அப்பா குமாரவேல்

வாலென்சியா
19.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐயம்பேட்டையிலிருந்து நீலா அத்தை குரல் பதிவு அனுப்பியிருந்தார்கள். "ஏம்மா, உனக்குப் பெரிய ப்ரமோஷனாமே! சிட்டிபாபு பொண்டாட்டி சொல்லித்தான் எனக்கே தெரியுது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோட வரீங்கன்னு அண்ணன் சொல்லிக்கினு இருக்குது. மாப்பிள்ளைக்குச் சட்டை அளவு என்னாம்மா?"

எந்த மாப்பிள்ளைக்கு அப்பா? என் கையை முறுக்கி ஒடித்தவருக்கா? அந்த எக்ஸ்ரே படத்தை நீதிபதி பார்த்தார். உங்களுக்கும் அனுப்பினேன்.

தீர்ப்பு வந்த அன்று என்ன ஆயிற்று என்று காவேரி வாசலிலேயே கேட்டாள். "கனே" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று. சீட்டாட்டக்காரர்கள் சொல்கிற சொல்தான். அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அதை உங்களிடமும் சொல்லத்தான் புடவை கேட்டேன். உங்களுக்கு இந்த மொழி பிடிக்குமே, கூடவே உட்கார்ந்து தேடுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

அத்தையிடம் நீங்களே உண்மையைச் சொன்னால் உத்திரத்துக்கு வருகிறேன். இல்லையென்றால் புடவையும் வேண்டாம்.

ஜெயா

காஞ்சிபுரம்
3.3.2024

அன்பு ஜெயாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தபின் உன் முகத்தை நினைக்கவே கூச்சமாக இருந்தது. பதில் தாமதமானதற்கு வேறு காரணமில்லை.

நேற்று ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை போனேன். நீலா வீட்டில் விருந்தாளிகள். இன்னொரு நாள் வரலாம் என்று செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன். "எங்கண்ணா கிளம்பிட்ட, காபி போட்டுக்கினு இருக்கேன்" என்று அவள் சத்தம் போட்டாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். ப்ரமோஷன் பொய், விவாகரத்து நிஜம், கை ஒடிந்தது நிஜம்.

நீலா, "பொண்ணு ஜெயிச்சிருக்குது, நீ எழவு சேதி மாதிரி சொல்றியே!" என்றாள். "அது ஒத்தையா கோர்ட்டுக்கு நடந்துக்கினு இருந்தப்ப நீ இங்க புஸ்தகம் புரட்டிக்கினு இருந்தியா?"

ஆமாம் என்றேன்.

திரும்பும்போது சிட்டிபாபுவிடமும் சொன்னேன். முந்தானை இன்னும் ஆரம்பிக்கவில்லையாம். நீ காவேரியிடம் சொன்ன 'கனே' என்ற சொல்லையே எழுதிக் கொடுத்தேன். அர்த்தத்தைக் குரல் நடுங்காமல் சொன்னதாக நினைக்கிறேன், நிச்சயமில்லை.

வருவதும் வராததும் உன் இஷ்டம். கேட்கும் தகுதி எனக்கு இல்லை. முதல் கடிதத்தில் மூன்றாவதாக, உன் நன்மைக்கு என்று எழுதியிருந்தேன். அது தவறு அம்மா. என் நன்மைக்கு.

அப்பா