ஒன்பது இலக்கங்கள்

இன்று காலை கேஸ் இணைப்புக்காக ஒரு படிவம் நிரப்பினேன். போன் எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போய், சிவப்பில் பிழைச் செய்தி வந்தது. என் கண் உடனே திரையின் மேலே இருக்கும் இணைய முகவரிக்குத்தான் போனது. நான் எழுதிய எதுவும் அதில் இல்லை. இருந்தும் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, உன்னிடம் இன்னும் ஒன்று சொல்லவில்லை.

பாலக்கரை மாடியறையில் நாம் இருவர் மட்டும் வேலை பார்த்த காலம். பெண்கள் உதவி மையம் ஒன்றுக்குப் புகார்ப் படிவம் செய்தோம். பிழை வந்தாலும் எழுதியது அழியக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாய். "இன்னொரு தடவை எழுத அவங்களுக்கு மனசு வராதுடி" என்றாய். அதைச் சர்வரிலேயே பத்திரமாக வைக்க ஒரு நாள் வேலை. நான் சோம்பல்பட்டு, எழுதியதெல்லாம் அந்த இணைய முகவரியோடு ஒட்டிக்கொண்டு பிழைப் பக்கத்துக்குப் போகும்படி அமைத்துவிட்டேன்.

மறுவாரம் ஒரு காலையில் சர்வர் பதிவில் அப்படிப் போன ஒரு வரியைப் பார்த்தாய். எழுதியவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனின் மனைவி. அடித்தது, அறையில் பூட்டியது எல்லாம் எழுதி, கடையின் பெயரையும் போட்டிருந்தாள். கடைக் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறாளாம், வீட்டுக்காரர் மணப்பாறையிலிருந்து மதியம் வந்துவிடுவாராம். அத்தனையும் முகவரியோடு சேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரின் பிரவுசர் ஹிஸ்டரியில், அவன் திறந்தால் படிக்கும்படி கிடந்தது. அவள் கொடுத்த போன் எண்ணில் ஒன்பது இலக்கமே இருந்ததால் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. யார் இப்படி வைத்தது என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன். நான்தான் வைத்தேன்.

அவன் வருவதற்குள் அதை அழித்துவிட இருவரும் கிளம்பினோம். காவிரிப் பாலத்து நெரிசலில் உன் ஸ்கூட்டர் நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடையில் அவன் ஏற்கெனவே வந்திருந்தான். லெட்டர் ஒன்று டைப் செய்ய வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டு நீ உட்கார்ந்தாய். அவன் உன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றான். நான் ஆதார் அட்டையை நீட்டி, எழுத்து மங்கல், கருப்பாக வருமா, இருபுறமும் ஒரே பக்கத்தில் வருமா என்று நச்சரித்து அவனை மெஷின் பக்கம் திருப்பினேன். நீ ஹிஸ்டரியை அழித்தாய். ஓரமாக நின்ற அவள் உன் திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

பதற்றத்தில் அட்டையை விட்டுவிட்டு வந்திருந்தேன். அதைக் கொடுக்க அவளே வாசலுக்கு வந்தாள்.

"படிச்சீங்களா?"

"படிச்சோம். வர்றீங்களா?" என்றாய்.

உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உன் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். நான் பஸ்ஸில் வந்தேன்.

உன் சாவுக்கு அவள் வந்திருந்தாள். தள்ளி நின்று தேம்பித் தேம்பி அழுதாள். யாரென்று உன் தம்பி கேட்டார். கூட வேலை பார்த்தவங்க என்றேன். அவள் எழுதியதைப் படித்தவர்கள் நாம் இரண்டே பேர். இப்போது நான் ஒருத்திதான். ஒவ்வொரு வரியும் மனப்பாடமாக இருக்கிறது. என்னிடமிருந்து அது எங்கேயும் போகாது.