மூடிய ஓடை

நவ. 12, புதன்
காலையிலேயே மூடாக்கு. விழுப்புரம் ஆபீசுக்கு ரயில் முக்கால் மணி லேட். நாளை கனமழையாம். மகள் காவ்யா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். திண்டிவனத்திலேயே பள்ளமான தெரு எங்களுடையது.

வாங்க: டார்ச் செல், பிரெட், கொசுவத்தி.

கொசுவத்தி என்று எழுதும்போதே அந்த மனு நினைவுக்கு வருகிறது. கொசு, தவளை, பாம்பு என்று அடுக்கி, தெருவுக்குப் பின்னால் இருந்த ஓடையை மூடச் சொல்லி மனு எழுதியவள் நான். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது பக்கத்து வீட்டு சேகர். பதில் வரும்வரை பொறுக்காமல் நாங்களே கல்லும் மண்ணும் கொட்டி மூடினோம். செல்வி அக்கா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. தினமும் ஆட்டுக்கு அங்கேதான் புல் அறுப்பாள். "தண்ணி போற வழி சேகரு. மூடிட்டா எங்க போவும்?" என்றாளாம். யார் கேட்டோம்? எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியாது. அந்த மட்டில் நிம்மதி.

நவ. 13, வியாழன்
லீவு போட்டாச்சு. விடாத மழை. பதினோரு மணிக்கு இரண்டு படி மூழ்கிவிட்டது. மூன்றாவதும் போனால் வீட்டுக்குள்தான். காவ்யாவுக்கு இடுப்பு வலி. ஆம்புலன்ஸ் எப்படி வரும்? "சூட்டு வலியா இருக்கும்மா, பயப்படாத" என்கிறாள். அவள் எனக்குத் தைரியம் சொல்கிறாள்!

மாலை 4. முழங்கால் தண்ணீரில் மண்வெட்டியோடு செல்வி அக்கா. மூடிய ஓடையைத் திறக்க ஆண்கள் கண்டபடி தோண்டிக்கொண்டிருந்தார்கள். "அங்க இல்லய்யா! பூவரச மரத்துக்கு நேரா நின்னுக்கினு, ரெண்டு எட்டு தள்ளி வெட்டு. ஜல்தி!" எனக்கு எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் தெரிந்தது. பத்துப் பேர் வெட்டினார்கள். பெரிய கல் ஒன்று புரண்டதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

ஆறு மணிக்கு இரண்டாவது படி தெரிந்தது. அதிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நவ. 15, சனி
வெயில். காவ்யாவுக்கு வலி நின்றுவிட்டது. தெருவில் கூட்டம். ஓடையை முழுக்கத் தூர்வார வேண்டும். இனி யாரும் எதையும் கொட்டக் கூடாது. தண்ணீர் போகும் தடத்தை அக்கா குச்சி நட்டுக் காட்டுவாள். நகராட்சிக்குப் புது மனு. யார் எழுதுவது?

நான் மெல்ல வீட்டுப் பக்கம் நகர்ந்தேன். அக்கா ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணியை என் கையில் வைத்தாள். ஓடைக்கரையில் பறித்ததுதான்.

"பொண்ணுக்கு ஆக்கிப் போடு. மனுவ நீயே எழுதும்மா. போன வாட்டி எழுதினியே, எழுத்து முத்து முத்தா இருந்துச்சு."

ஆக, தெரியும். அன்றைக்கே தெரியும்.