எண்ணாமல் விட்ட ஒரு மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

முன்னறையில் இன்று நாங்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, நெடுஞ்சாலைத் துறையிலிருந்து வந்த பெண் எஞ்சினியர். வாசலில் உள்ள நெடுஞ்சாலையை ஆறு வழிச் சாலையாக்கினால் இந்த அறை போய்விடுமாம். அக்காவின் தையல்கடை இதில்தான்.

“என் மெஷினா உங்க ரோட்டுக்கு குறுக்க நிக்குது?” என்றார் அக்கா.

எத்தனை வழி என்பது வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததாம்; அதை எண்ணும் கருவி பழுதாம். தினமும் தண்ணீர் மீட்டர் அளவு குறிக்கும் என் நோட்டைப் பார்த்துவிட்டு எஞ்சினியர் கேட்டார்: “மாடியிலேருந்து மூணு நாள் எண்ணித் தர்றீங்களா?”

மார்ச் 7

முடிந்தது. மாலை ஆறு முதல் ஏழு வரை பிரார்த்தனை. இருபத்திரண்டு வருடமாகத் தவறியதில்லை. அதனால் மூன்று நாளும் ஐந்து மணிக் கணக்கையே ஆறுக்கும் எழுதினேன். இன்று 1,140. அதேதானே இருக்கும்?

மார்ச் 20

நான்கு வழியே போதுமாம். அறை தப்பியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எஞ்சினியர் போனில் சொன்னது: “நாள் முழுக்க எத்தனை வண்டிங்கிறது பெரிசில்லம்மா. ரொம்ப நெரிசலான அந்த ஒரு மணி நேரத்த வச்சுத்தான் ரோட்டு அகலம்.”

நான் எண்ணாமல் விட்ட ஆறு மணிதான் அந்த நேரமோ?

மார்ச் 21

பிரார்த்தனையைத் தள்ளிவைத்து மாடியில் உட்கார்ந்தேன். ஆறு முதல் ஏழு: 1,910. ஒரு பெண் நெரிசலில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பஸ் அவளை எட்டவே இல்லை.

கண்ணை மூடியிருந்த அந்த மூன்று நாளும் ஹாரன் சத்தம் என் காதில் விழாமலா இருந்தது? அறை தப்பட்டும் என்று நினைத்தேனா? கடவுளே, எனக்கே தெரியலையே.

மார்ச் 23

வீட்டில் இருவரிடமும் சொல்லிவிட்டேன். அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்: “இப்ப உன்ன யாரு கேட்டா? சாமி வந்து கேட்டுச்சா?”

வீட்டுக்காரர் மட்டும், “சொல்லாம இருந்தா உனக்குத் தூக்கம் வருமா?” என்றார். வராது.

மார்ச் 26

அக்கா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. புதுத் துணி எதுவும் தைக்க வாங்கவும் இல்லை.

எஞ்சினியருக்கு இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

‘அம்மா, மூன்று நாளும் மாலை ஆறு முதல் ஏழு வரை நான் எண்ணவில்லை. எழுதியது என் ஊகம், அது தவறு. வேறு ஒருவரை வைத்து அந்த நேரத்தை மறுபடி எண்ணச் சொல்லுங்கள். முன்னறை போகுமானால் எந்த மாதம் என்று தெரிய வேண்டும். நாத்தனாருக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.’