தோல் ஷாப்பு மனையில் தோண்டிய குழிகள்

நேற்று பரணிலிருந்த இரும்புப் பெட்டியைக் கிளறியபோது ஒரு சின்னத் துணிப்பை கைக்கு வந்தது. வாயில் கட்டியிருந்த அட்டையில், கோழி கிளறியது போன்ற உன் எழுத்து: 'மாதிரி 4. முக்கால் அடி ஆழம். வேப்பமரத்துக்குக் கிழக்கே.' உள்ளே ஒரு பிடி செம்மண். நான் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைக் கேட்டு மருமகள் எட்டிப் பார்த்து, "இன்னா அத்தை?" என்றாள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

சத்துணவு வந்த புதிது அது. செங்கம் ரோட்டுப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். நீ விவசாய ஆபீசில், குடியானவர்கள் கொண்டுவரும் மண்ணுக்கு அட்டை கட்டி வேலூர் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறவள். ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நம் இருவருக்கும் சர்க்கார் வேலை கிடைத்ததே தெருவுக்குப் பெரிய சேதியாக இருந்தது.

பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒரு காலி மனை. ஒரு காலத்தில் அங்கே தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது; மூடிப் பல வருஷமாகி, இடிந்த சுவரும் ஓட்டுக் குவியலுமாகக் கிடந்தது. அதைப் பள்ளிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நகராட்சி சொன்னதும் ஹெட்மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ரிட்டயர் ஆவதற்குள் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு மைதானமும் காய்கறித் தோட்டமும் அமைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நானும் சும்மா இருந்தேனா? "தீபத்துக்கு முன்னாடி கபடி ஆடலாம், நம்ம தோட்டத்துப் பூசணிக்காய்லயே சாம்பார்" என்று சாப்பாட்டு வரிசையில் வைத்துச் சொல்லிவிட்டேன். அப்புறம் தினமும் தட்டைத் தூக்கிக்கொண்டு, "எப்போ டீச்சர்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மனையைக் காட்ட உன்னைக் கூட்டிப் போனது நான்தான். நீ புகழ்வாய் என்று நினைத்தேன். நீயோ மேயும் ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"அந்த ஓட்டுக் குவியல் பக்கம் ஒரு ஆடு கூட போகல, பாத்தியா? அங்க புல்லே இல்ல. தோலுக்குப் போட்ட உப்பும் மருந்தும் எங்கடி போயிருக்கும்? மண்ணப் பாத்துட்டு அப்புறம் பசங்கள எறக்கலாம்."

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வந்துவிட்டாய். எட்டு இடத்தில் ஆப்பு மாதிரி குழி வெட்டி, பக்கவாட்டில் மண்ணைச் சீவி, சாக்கில் கொட்டி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மீண்டும் கலந்து... மாவு பிசைகிறவள் மாதிரி அத்தனை நிதானம். எதிர்வீட்டுக் குப்பம்மா இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள். "இன்னாம்மா தேடறீங்க?"

நீ தலையே நிமிர்த்தவில்லை. "தங்கம்!"

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அது முடிந்ததாகத்தான் நான் நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் வேலூரிலிருந்து முடிவு வந்தது. எட்டு மாதிரியும் பரவாயில்லை, உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் பஞ்சாங்கத்தை விரித்தார். நீ மட்டும், "ஓட்டுக் குவியலுக்குக் கீழ நாம தோண்டவே இல்லயே. அத அள்ளிட்டு இன்னொரு தபா பாக்கணும்" என்றாய். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நல்லாருக்குனு பேப்பர்லயே வந்துடுச்சி. இன்னும் இன்னாடி? ஆபீஸ்ல உக்காந்து அட்டை எழுதறவளுக்குப் பசங்க மொகம் எங்க தெரியும்?"

நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். நான்கு நாள் நாம் பேசவில்லை. அந்த நான்கு நாளும் சாம்பாரில் நான் உப்பு சரியாகப் போட்டதில்லை.

ஐந்தாம் நாள் காலை பள்ளிக்கூடம் போனால் மனையே அம்மைத் தழும்பு விழுந்த முகமாகக் கிடந்தது. நாற்பது குழியாவது இருக்கும். கவர்மெண்ட்டே ஆள் அனுப்பித் தங்கம் தேடுது என்று குப்பம்மாவின் வாயிலிருந்து கிளம்பிய சேதி அடி அண்ணாமலை கிராமம் வரை போய், ராத்திரியோடு ராத்திரியாக ஆளாளுக்குக் கடப்பாரையோடு வந்து போயிருக்கிறார்கள். ஓட்டுக் குவியலையும் விடவில்லை. அதை வாரித் தள்ளி, மார்பளவு ஆழம் தோண்டி, புதைந்திருந்த ஒரு பழைய தொட்டியை உடைத்திருந்தார்கள். உள்ளே பச்சையும் நீலமுமாகச் சேறு. மூக்கை அறுக்கும் நெடி.

மூச்சிரைக்க உன் ஆபீசுக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததும் நீ எழுந்துவிட்டாய். மனையைக் கண்டவுடன் அந்த நாற்பது குழியையும் ஒரு சுற்றுப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "நான் எட்டுதாண்டி வெட்டுனேன்!" பிறகு தொட்டியருகே குந்தி, குச்சியால் சேற்றை ஒரு பாட்டிலில் எடுத்தாய். நான் குனிந்து தொடப்போனபோது என் மணிக்கட்டைத் தட்டிவிட்டாய்.

தோல் மருந்தைச் சோதிக்கும் வசதி உன் ஆபீசிலும் இல்லை, வேலூர் கூடத்திலும் இல்லை. தெரிந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் மூலம் கல்லூரியில் பார்க்கச் சொன்னாய். கையால் தொடக்கூடாத மண், பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று பதில் வந்தது. வண்டியில் அள்ளி ஊருக்கு வெளியே கொட்டிவிடலாம் என்றார் ஹெட்மாஸ்டர். "அங்கயும் யார் வூட்டுப் பசங்களாவது இருக்கும் சார்" என்றாய். அவர் சிறிது நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அந்த மூலையைச் சிமெண்ட் போட்டு மூடி, சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். தோட்டம் எதிர்க் கோடிக்கு, மேட்டுப் பக்கம் போனது. அங்கே நீ இன்னொரு முறை மண்ணெடுத்துக் கல்லூரிக்கே அனுப்பினாய், நல்ல மண் என்று வரும்வரை யாரும் முணுமுணுக்கவில்லை.

மேட்டிலிருந்த குழிகளை மட்டும் நீ மூடவிடவில்லை. "நடறதுக்குக் குழி வெட்ட ஆள் தேடற வேல மிச்சம்" என்று முருங்கையும் பப்பாளியும் பூசணியும் வைக்கச் சொன்னாய். தோண்டியவர்களில் சிலர் அசடு வழிய எருக்கூடையோடு வந்தார்கள். குப்பம்மா கேட்டே விட்டாள்: "நெசமாவே தங்கம் இல்லியாம்மா?"

தீபம் போய்ப் பொங்கலும் போன பிறகுதான் கபடி ஆடினார்கள். முதல் பூசணிக்காயை அறுத்த அன்று நீ அரை நாள் லீவு போட்டு வந்து, பிள்ளைகளோடு வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டாய். ஹெட்மாஸ்டர் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து உனக்கு ஊற்றினார்.

அன்று கை கழுவும் இடத்தில், "அன்னிக்கு நான் பேசுனது..." என்று இழுத்தேன். "எது?" என்றாய். மறந்தவள் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, தட்டை என்னிடம் நீட்டி, "இதையும் கழுவு" என்றாய். அப்புறம் நீ கண் மூடும்வரை, அத்தனை வருஷத்தில், 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒருமுறை, விளையாட்டாகக்கூட, உன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

நீ போய் மூன்று வருஷமாகிறது. உன்னளவு மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் மகனோ மருமகளோ நான் வேண்டாமென்ற ஒன்றைச் செய்துவிட்டு, முகம் சுருங்கி வந்து நிற்கும்போது, அந்தச் சொல் நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்கிறேன். பத்துக்கு ஆறு தடவையாவது முடிகிறதடி.